பூ போட்ட பாஸ்தா: எந்தப் பூ, எப்போது, எவ்வளவு

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: “பினாங்கில் பாயான் லெப்பாஸ் பக்கம் இருக்கிறோம். அம்மாவின் பிறந்தநாளுக்கு வீட்டில் எட்டுப் பேருக்குச் சாப்பாடு. பூ சேர்த்த, வயிற்றுக்குக் கனமில்லாத பாஸ்தா செய்ய ஆசை. ஒத்திகை பார்த்தபோது க்ரீம் ஊற்றிச் செய்து, சூப்பர்மார்க்கெட்டில் பெட்டியில் விற்கும் பூவை மேலே தூவினேன். மேசைக்கு வருவதற்குள் எல்லாம் சுருண்டுபோயிற்று. ருசி என்றும் ஒன்றுமில்லை. எந்தப் பூ வாங்கலாம், எப்போது போட வேண்டும்? மாலைக் கடைப் பூவைக் கழுவிப் போடலாமா? அம்மா சுத்த சைவம்.”

கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதுதான் அவசரம். மாலைக் கடைப் பூ வேண்டாம். லெபு குயின், லெபு பாசார் பக்கம் பூ கட்டி விற்கிறவர்கள் மேல் குறை ஒன்றுமில்லை; அவர்கள் விற்பது சாமிக்கும் கூந்தலுக்கும். உணவுப் பயிருக்கு மருந்து அடித்தால் இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்று மருந்துப் புட்டியிலேயே போட்டிருக்கும். மாலைக்கு வளர்க்கும் பூவை யாரும் வாயில் வைக்கப்போவதில்லை என்பதால் அந்தக் கணக்கு அங்கே கிடையாது. கழுவினால் மேலே ஒட்டிய தூசி போகும், செடி உறிஞ்சிக்கொண்ட மருந்து போகாது. அதோடு மாலையில் அரளியும் கலந்திருக்கலாம். அரளி இதயத்துடிப்பையே குலைக்கிற நஞ்சு, வேகவைத்தாலும் அடங்காது. சாமந்தியை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்கிறேன் என்றுகூட நினைக்காதீர்கள்.

வீட்டு வாசலில் பூத்திருப்பதையும் யோசித்துத்தான் பறிக்க வேண்டும். நம் தாமான் வீடுகளின் தொட்டிகளில் இருக்கும் நித்தியகல்யாணி, அடீனியம், நந்தியாவட்டை, மஞ்சள் அலமண்டா, கோயில் பக்கம் உதிர்ந்து கிடக்கும் கெம்போஜா எல்லாம் அரளியின் சொந்தக்காரர்கள், ஒரே தாவரக் குடும்பம். இதில் என்னை அதிகம் பயமுறுத்துவது நித்தியகல்யாணிதான். ஐந்து இதழ், ரோஸ் நிறம், தட்டில் வைத்தால் கொள்ளை அழகு. அதிலிருந்துதான் புற்றுநோய்க்கான வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் மருந்துகளைப் பிரித்தெடுக்கிறார்கள். அந்த அளவு வீரியமுள்ள செடி சாப்பாட்டுத் தட்டில் அலங்காரத்துக்குக்கூட இருக்கக் கூடாது. ஊமத்தை, செங்காந்தள் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. தட்டில் எது இருந்தாலும் அது சாப்பிடத்தான் என்று விருந்தாளி நினைப்பார், குழந்தைகள் கேட்கவே வேண்டாம்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. டெங்கிக்காகப் புகை அடித்துவிட்டுப் போகிறார்களே, அந்தப் புகை பூச்சிமருந்துதான். புகை அடித்த சமயத்தில் விரிந்திருந்த பூக்களைக் கிள்ளிப் போட்டுவிட்டு, சில நாள் கழித்துப் புதிதாக விரிவதை எடுங்கள். நாய் பூனை நடமாடும் இடம், காருக்குப் பக்கத்து வேலி, முனிசிபல் ஆட்கள் களைக்கொல்லி தெளிக்கும் சாலையோரம் எதுவும் வேண்டாம்.

சரி, அப்படியானால் எதை வாங்குவது?

நீங்கள் வாங்கிய பெட்டிப் பூ பெரும்பாலும் பான்ஸி, வயோலா வகையாக இருக்கும். குளிர்ப்பிரதேசத்துப் பூக்கள் அவை. இங்கே கேமரன் மலை மாதிரி இடத்தில்தான் சரியாக வரும். பார்க்க அழகு, தின்றால் கீரைத் துணுக்குக்கு மேல் ஒன்றுமில்லை. கேக்குக்கு ஓகே. சூடான பாஸ்தாவுக்கு அவ்வளவு காசு கொடுக்க நான் சொல்லமாட்டேன். பெட்டியில் நஸ்டர்ஷியம் இருந்தால் மட்டும் கதை வேறு. வட்ட இலையும் ஆரஞ்சு நிறப் பூவுமாக இருக்கும், கடித்தால் கடுகு போலச் சுரீரென்று ஏறும், தட்டில் அதற்கு வேலை இருக்கிறது.

பாஸ்தாவோடு உண்மையிலேயே பொருந்துகிற பூ பூசணிப்பூ. அதற்கு இத்தாலிக்காரர்களே சாட்சி. ரோமில் சீமைச் சுரைக்காய் வகையான சுக்கினியின் பூவுக்குள் மொஸரெல்லாவும் நெத்திலி மாதிரியான உப்பு மீனும் அடைத்து, மாவில் தோய்த்துப் பொரிப்பார்கள். கோடையில் அதே பூவைக் கிள்ளிப் போட்டு, கொஞ்சம் குங்குமப்பூவும் சேர்த்துப் பாஸ்தா செய்வதும் அங்கே உண்டு. பூசணியும் சுக்கினியும் நெருங்கிய சொந்தம், ருசியில் பெரிய வித்தியாசம் தெரியாது. நமக்கும் இது புதிதல்ல. தோட்டத்து லயத்து வீடுகளில் பின்னால் பூசணிக்கொடி இருந்தால் பூவைப் பஜ்ஜி போடுவதும், பருப்பில் போட்டுக் கூட்டு வைப்பதும் பாட்டிகளுக்குக் கைவந்த வேலைதானே.

ஆயர் ஈத்தாம், பூலாவ் தீக்குஸ், சௌராஸ்தா மாதிரியான காலைப் பாசாரில், கீரைக்கட்டும் பூச்சுக் லாபு என்ற பூசணிக் கொழுந்தும் வைத்து விற்கும் அம்மாமார்களிடம் ‘புங்கா லாபு’ என்று கேளுங்கள். எல்லா நாளும் இருக்காது. முதல் நாளே சொல்லிவைத்தால் கொண்டுவந்து தருவார்கள். சீக்கிரம் போக வேண்டும். பூசணிப்பூ விடியலில் விரியும், வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும், மதியத்துக்கு மேல் தொட்டாலே குழையும். வீட்டில் கொடி இருந்தால் ஆண் பூவைப் பறியுங்கள். மெலிந்த நீளக் காம்போடு நிற்பது ஆண், அடியில் கோலிக்குண்டு அளவு பிஞ்சு இருப்பது பெண். மகரந்தச் சேர்க்கைக்கு ஒன்றிரண்டு ஆண் பூவை மட்டும் விட்டுவிட்டால் போதும், காய்க்குக் குறைவு வராது.

அடுத்தது புங்கா கந்தான். பினாங்குக்காரர்களுக்கு இதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை, அசாம் லக்சாவின் மேலே பொடியாக நறுக்கித் தூவியிருக்கும் ரோஸ் நிறத் துணுக்கு அதுதான். இஞ்சிக் குடும்பத்துப் பூவின் மொட்டு. இஞ்சி, செராய் (எலுமிச்சைப்புல்), எலுமிச்சை மூன்றையும் ஒரே கடியில் நினைவுபடுத்தும், அதற்கு மேல் பூவுக்கே உரிய ஒரு வாசம். பாஸ்தாவில் இதை யாரும் எதிர்பார்க்கமாட்டார்கள், ஆனால் வெண்ணெயோடும் எலுமிச்சைத் தோலோடும் அவ்வளவு ஒத்துப்போகும். இறுக மூடிய மொட்டாகப் பார்த்து வாங்குங்கள். விரிய ஆரம்பித்தது நார் நாராக இருக்கும்.

மூன்றாவது சங்குப்பூ. இதை நிறத்துக்காகத்தான் சொல்கிறேன். ருசி பச்சைப் பட்டாணித் தோல் மாதிரி லேசாக, ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. வேலியில் ஏறிக் கிடக்கும் கொடி, பாதி பினாங்கு வீடுகளில் இருக்கிறது. இல்லாவிட்டால் காய்ந்த பூ கடையில் கிடைக்கும். இதழை மட்டும் எடுங்கள், விதை வேண்டாம்.

இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு செய்முறைக்கு வருவோம். நாலு பேருக்கு அளவு சொல்கிறேன். எட்டுப் பேருக்கு இதையே இரண்டு முறை செய்யுங்கள், ஒரே சட்டியில் இரட்டிப்பாகப் போடாதீர்கள், காரணம் பின்னால் வருகிறது. ஸ்பகெட்டி அல்லது லிங்குவினி 300 கிராம். ஏஞ்சல் ஹேர் என்ற மெல்லிய வகை பூவுக்குப் பொருத்தம் என்று பலரும் சொல்வார்கள். இரண்டு பேருக்கு என்றால் நானும் அதைத்தான் எடுப்பேன். ஆனால் அது இரண்டு மூன்று நிமிடத்தில் வெந்து, பேச்சுக் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் களியாகிவிடும், விருந்துக்கு அது சரிப்படாது. பூசணிப்பூ பதினைந்து இருபது. சின்ன வெங்காயம் ஆறு. பூண்டு இரண்டு பல். புங்கா கந்தான் அரை மொட்டு. ஆலிவ் எண்ணெய் நாலு மேசைக்கரண்டி, உப்பில்லாத வெண்ணெய் 30 கிராம், ஒரு எலுமிச்சை, முந்திரி ஒரு கைப்பிடி, ஒரு சிட்டிகை குங்குமப்பூ. பாயசத்துக்கு வாங்கிவைத்த குங்குமப்பூ வீட்டில் இருக்குமே, அதுவும் ஒரு பூவின் சூல்முடிதான், இந்தத் தட்டுக்கு உறவு. காரம் வேண்டுமானால் சிலி பாடி என்ற குட்டி மிளகாய் ஒன்று, விதை நீக்கி.

கறிவேப்பிலை, கரம் மசாலா, கிச்சாப் எதுவும் வேண்டாம். கை பரபரக்கும், தெரியும். கறிவேப்பிலை எண்ணெயில் விழுந்த அடுத்த நொடி பூசணிப்பூ இருந்த இடம் தெரியாது. க்ரீமும் அப்படித்தான். கொழுப்பு நாக்கின் மேல் படிந்துகொண்டால் இவ்வளவு மெல்லிய வாசம் எப்படி எட்டிப்பார்க்கும்? உங்கள் ஒத்திகையில் ருசி இல்லாமல் போனதற்குப் பாதிக் காரணம் பெட்டிப் பூ, மீதி அந்த க்ரீம்.

முதலில் பூவைச் சுத்தம் செய்யுங்கள். குழாய்க்குக் கீழே பிடிக்காதீர்கள், கிழிந்துவிடும். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, காம்பைப் பிடித்து ஒரு முக்கு, ஒரு உதறல். எறும்பு நிச்சயம் இருக்கும். பூவின் அடியில் தேன் இருக்கிறதே, அதற்கு வந்தவை. அப்புறம் இதழை ஒரு பக்கமாக நீளவாக்கில் கீறி விரித்தால் நடுவில் மஞ்சள் பொடி பூசிய தண்டு நிற்கும். அதை அடியோடு கிள்ளி எடுங்கள். கசப்பும் அதில்தான், மகரந்த ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தொந்தரவும் அதில்தான். வெளிப்பக்கம் பூவின் அடியில் ஐந்து பச்சை ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும், கொஞ்சம் சுணை இருக்கும், அவற்றையும் கிள்ளுங்கள். மிச்சமிருப்பதை விரல் அகலத்துக்குக் கிழித்து, துணியில் பரப்பி ஈரம் போக விடுங்கள். இளங்காம்பைத் தூக்கிப் போட வேண்டாம், நாரை உரித்துப் பொடியாக நறுக்கி வெங்காயத்தோடு வதக்கலாம்.

கிழித்த பூவை இரண்டு பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கு சட்டிக்கு, ஒரு பங்கு பச்சையாகக் கடைசியில் போட. இது முக்கியம். முழுவதையும் வதக்கினால் ருசி எண்ணெயில் இறங்கும், ஆனால் பூ என்று கண்ணுக்குத் தெரியாது, கீரை மசியல் மாதிரி சுருண்டு கிடக்கும். முழுவதையும் மேலே தூவினால் பார்க்க நன்றாக இருக்கும், பாஸ்தாவில் பூ வாசமே இருக்காது. பாதிக்குப் பாதி செய்தால் இரண்டும் கிடைக்கும்.

புங்கா கந்தானின் வெளி இதழ் இரண்டு மூன்றை உரித்துவிட்டு, நெடுக்கில் பாதியாக வெட்டி, குறுக்கே நூல் போல நறுக்குங்கள். நறுக்கிய சிறிது நேரத்தில் ஓரம் கறுக்கும், அதனால் இதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அரை மொட்டுக்கு மேல் ஆசைப்பட வேண்டாம். கூடிப்போனால் சோப்பு வாசம் மாதிரி மூக்கில் ஏறும், சாப்பிடுகிறவர்கள் லக்சா எங்கே என்று தேடுவார்கள்.

தண்ணீர் மூன்று லிட்டர், உப்பு 30 கிராம், அதாவது இரண்டு மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவு. அதிகமாகத் தோன்றும், ஆனால் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும். எண்ணெய் ஊற்றாதீர்கள், அது மேலே மிதப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது. பாக்கெட்டில் பத்து நிமிடம் என்று போட்டிருந்தால் எட்டாவது நிமிடத்தில் எடுக்க வேண்டும், மீதி வேகல் சட்டியில். எடுக்கும் முன் அந்தக் கலங்கிய தண்ணீரில் இரண்டு கப் தனியே பிடித்துவையுங்கள். மீ வேகவைத்துப் பச்சைத் தண்ணீரில் அலசும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறதே, இங்கே அது கூடவே கூடாது. பாஸ்தாவின் மேல் இருக்கும் மாவுச்சத்தும் அந்தத் தண்ணீரில் கரைந்த மாவுச்சத்தும்தான் எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் பிடித்துவைக்கிறது. க்ரீம் செய்கிற வேலையை இது செய்யும், கனமில்லாமல்.

பாஸ்தா வேகும்போதே பக்கத்து அடுப்பில் அகலமான சட்டியை மிதமான தீயில் வைத்து, எண்ணெய் ஊற்றி, நறுக்கிய சின்ன வெங்காயத்தை வதக்குங்கள். பொன்னிறம் வேண்டாம், கண்ணாடி மாதிரி ஆனால் போதும். பூண்டை நசுக்கிப் போட்டு, வாசம் வந்ததும் அதை வெளியே எடுத்துப் போட்டுவிடுங்கள். முன்பே கொஞ்சம் தண்ணீரில் ஊறவைத்த குங்குமப்பூவை அந்தத் தண்ணீரோடு சேருங்கள். பாஸ்தாவை எடுப்பதற்கு முக்கால் நிமிடம் முன்பு முதல் பங்குப் பூசணிப்பூ. சட்டியில் விழுந்ததும் இதழ் ஒருமுறை சிலிர்த்து எண்ணெயோடு படிந்துவிடும், எண்ணெய் மஞ்சளாக மாறும். அந்த நேரத்தில் பாஸ்தா உள்ளே போக வேண்டும். அரை கப் பாஸ்தாத் தண்ணீர் ஊற்றி, தீயைக் கூட்டி, ஒரு நிமிடம் அல்லது ஒன்றரை நிமிடம் விடாமல் புரட்டுங்கள். அடியில் தண்ணீராக நின்றது கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியாகி ஒவ்வொரு இழையிலும் படியும்.

இப்போது அடுப்பை அணைத்துவிடுங்கள். அணைத்த பிறகுதான் வெண்ணெய். கொதியில் போட்டால் வெண்ணெய் உருகிப் பிரிந்து எண்ணெய்ப் பசையாக நிற்கும். குலுக்கிக் குலுக்கிக் கலந்து, இறுகினால் இன்னும் இரண்டு கரண்டி தண்ணீர் விட்டு, எலுமிச்சைத் தோலைத் துருவிப் போட்டு, அரை மூடி சாறு பிழியுங்கள். லீமாவ் கஸ்தூரி என்ற குட்டி எலுமிச்சை இரண்டு மூன்று பிழிந்தாலும் நன்றாகத்தான் இருக்கும், இன்னும் நம் ஊர் மணமாக. ஒரு நிமிடம் அப்படியே விடுங்கள். ஆவி ஓய்ந்ததும் இரண்டாவது பங்குப் பூசணிப்பூவையும் புங்கா கந்தானையும் போட்டு ஒரே ஒரு புரட்டு. தட்டுக்கு மாற்றிவிடலாம்.

உங்கள் பூ சுருண்டதற்கும் இந்த ஒரு நிமிடத்துக்கும் தொடர்பு உண்டு. இதழ் என்பது தண்ணீர் நிரம்பிய மெல்லிய தோல். கொதிக்கிற ஆவி பட்டால் செல்கள் உடைந்து தண்ணீர் வெளியேறிவிடும், அது சுருளாமல் என்ன செய்யும்? அதிலும் நம் ஊரில் சமையலறையே முப்பது டிகிரிக்கு மேல். பூவை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து மேடையில் வைத்தாலே பாதி உயிர் போய்விடுகிறது. மூடியுள்ள டப்பாவில் ஈர டிஷ்யூ விரித்து உள்ளே வைத்து, தேவைப்படும் நிமிடத்தில் மட்டும் வெளியே எடுங்கள். காலையில் வாங்கியதை இரவுக்குச் சமைத்துவிட வேண்டும்.

சீஸ் விஷயத்துக்கு வருகிறேன், அம்மா சுத்த சைவம் என்றீர்கள். இத்தாலியின் அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோ கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் என்ற நொதியால்தான் செய்யப்பட வேண்டும் என்பது அந்தப் பெயருக்கான விதி. எனவே அது அம்மாவுக்கு ஆகாது. நுண்ணுயிர் ரென்னெட்டில் செய்த கெட்டிச் சீஸ் கிடைத்தால் லேபிளைப் படித்து வாங்கலாம். எனக்கு அதைவிட முந்திரிதான் பிடிக்கும். வெறும் சட்டியில் பொன்னிறமாக வறுத்து, ஒரு சிட்டிகை உப்போடு உரலில் கரகரப்பாக இடித்து மேலே தூவுங்கள். சீஸ் கொடுக்கும் உப்பும் கொழுப்பும் வந்துவிடும், பூவை அமுக்காது. மீன் சாப்பிடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு கிண்ணத்தில் மொறுமொறுவென்று வறுத்த நெத்திலியை வைத்துவிடுங்கள். ரோம்காரர்கள் பூவுக்குள் வைப்பதை நாம் பக்கத்தில் வைக்கிறோம், அவ்வளவுதான்.

நீலப் பாஸ்தா செய்யலாமா என்ற ஆசை உங்களுக்கு வந்திருக்கும், சங்குப்பூ என்றாலே எல்லோருக்கும் வரும். கிளந்தானின் நீலச் சோறான நாசி கெராபுவும் நியோன்யாக்களின் ஒட்டரிசிப் பலகாரமான பூலூட் தாய் தாயும் அவ்வளவு அழகான நீலத்தில் வருகின்றனவே! ஆனால் அவை இரண்டும் அரிசி, வெள்ளைப் பின்னணி. பாஸ்தா செய்யும் டியூரம் கோதுமை இயற்கையாகவே மஞ்சள். மஞ்சளின் மேல் நீலம் விழுந்தால் கிடைப்பது பாசிப் பச்சை. முட்டை சேர்த்த பாஸ்தாவென்றால் இன்னும் மோசம். பசி எடுக்கிற நிறமில்லை. சங்குப்பூ இதழைப் பச்சையாகக் கிழித்துக் கடைசியில் தூவுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பூசணிப்பூவின் மஞ்சளுக்கும் புங்கா கந்தானின் ரோஸுக்கும் நடுவில் நாலு நீலத் துணுக்கு போதும், தட்டு எழுந்து நிற்கும்.

நீலம்தான் வேண்டும் என்றால் பீஹூன் என்ற அரிசிச் சேமியா எடுங்கள், அல்லது வீட்டிலேயே இடியாப்பம் பிழியுங்கள். புதிய பூ பதினைந்து இருபதை, பச்சைக் காம்புப் பகுதியைக் கிள்ளிவிட்டு, ஒரு கப் கொதிநீரில் பத்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டினால் கடும் நீலச் சாறு. இடியாப்ப மாவை அந்தச் சூட்டிலேயே பிசையலாம். சாற்றில் இருப்பது ஆந்தோசயனின் வகை நிறமி, புளிப்புப் பட்டால் ஊதாவாகும், புளிப்பு கூடினால் ரோஸை நோக்கிப் போகும். அதனால் எலுமிச்சையை முன்கூட்டிப் பிழியாமல், மேசையில் அவரவர் கையில் கஸ்தூரியைக் கொடுத்துவிடுங்கள். பிழிந்த இடமெல்லாம் நீலம் ஊதாவாக மாறும், பிள்ளைகள் காய்கூட மிச்சம் வைக்காமல் சாப்பிடுவார்கள். இந்தப் பூவின் சாற்றை உணவு நிறமாகப் பயன்படுத்த அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2021இல்தான் அனுமதி கொடுத்தது. கிளந்தானில் சோறு எப்போதோ நீலமாகிவிட்டது.

மற்ற பூக்களைப் பற்றி ஓரிரு வார்த்தை. முருங்கைப்பூ கிடைத்தால் விடாதீர்கள். ஒரு கைப்பிடி பூவை, கசக்காமல் தண்ணீரில் அலசி, பூசணிப்பூவுக்குப் பதிலாக வெங்காயத்தோடு இரண்டு நிமிடம் வதக்கினால் லேசான கசப்பும் காளான் மாதிரி ஒரு ருசியும் வரும். மிளகு தட்டிப் போட்டால் சாதாரண நாளைக்கு அருமையான பாஸ்தா. அகத்திப்பூ என்றால் வெள்ளையாகப் பார்த்து வாங்கி, நடுவில் இருக்கும் நரம்பை எடுத்தே ஆக வேண்டும். செம்பருத்தி நம் நாட்டின் தேசிய மலர் என்ற மரியாதை வேறு, தின்னவும் தின்னலாம். ஆனால் வெண்டைக்காய்க் குடும்பம், சூட்டில் வழவழப்பு விடும், சட்டிக்குக் கொண்டுபோக வேண்டாம். பன்னீர் ரோஜாவும் பூண்டும் ஒரே தட்டில் சேரவே சேராது, அதைப் பாயசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வாழைப்பூவுக்கு வேறு ஒரு வேலை கொடுக்கலாம். ஒவ்வொரு பூவிலிருந்தும் தலையில் குமிழ் வைத்த கள்ளனையும் அடியில் கண்ணாடி மாதிரி இருக்கும் செதிலையும் உருவி எடுத்து, மெல்லிசாக நறுக்கி மோர்த்தண்ணீரில் போடுங்கள், கறுக்காது. பிழிந்து, கொஞ்சம் அரிசி மாவு புரட்டி, எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்து எடுங்கள். இத்தாலியில் சீஸ் வாங்க வசதியில்லாத வீடுகளில் பாஸ்தாவின் மேல் வறுத்த ரொட்டித்தூளைத் தூவுவார்கள், தெற்குப் பக்கம் இன்றும் அந்த வழக்கம் உண்டு. அந்த இடத்தில் இந்த வாழைப்பூ வறுவலை வையுங்கள். மிருதுவான பூவுக்கு மேல் ஒரு கரகரப்பு விழும். விருந்துக்கு முந்தைய மதியமே செய்து டப்பாவில் அடைத்துவிடலாம்.

எட்டுப் பேர் கணக்குக்கு வருவோம். மற்ற பதார்த்தங்களும் இருக்கும்தானே, மொத்தம் 600 கிராம் போதும். இரண்டு தடவையாக, 300 கிராம் வீதம். 600 கிராமை ஒரே சட்டியில் போட்டால் புரட்ட இடமிருக்காது, தண்ணீர் கெட்டியாவதற்குள் பாஸ்தா குழைந்துவிடும், அதைவிட, அவ்வளவு பெரிய குவியலின் சூடு ஆற ஐந்து நிமிடம் எடுக்கும், மேலே போடும் பூ வெந்தே போகும். வெங்காயம் நறுக்குவது, முந்திரி இடிப்பது, பூவைக் கிழித்து டப்பாவில் வைப்பது எல்லாம் முன்பே முடிந்திருந்தால் முதல் சட்டி மேசைக்குப் போன பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் இரண்டாவது வந்துவிடும். அம்மாவுக்கும் பெரியவர்களுக்கும் முதல் சட்டி. யாருக்காவது மகரந்த ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ இருந்தால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், அவர்கள் தட்டுக்குப் பூ இல்லாமல் எடுத்து வைப்பது ஒன்றும் சிரமமில்லை.

பஃபே மாதிரி மூடி வைக்க வேண்டிய நிலை வந்தால் இந்தப் பாஸ்தா வேண்டாம், அரை மணி நேரத்தில் ஒட்டிக்கொண்டு கட்டியாகும், சூடு பண்ணினால் பூ கறுக்கும். அந்த மாதிரி நாளுக்கு நீல பீஹூனை ஆறவைத்து, ஆலிவ் எண்ணெய், கஸ்தூரிச் சாறு, உப்பு, கொஞ்சம் சர்க்கரை, நறுக்கிய புங்கா கந்தான், வெள்ளரி, வறுத்த கச்சான் (வேர்க்கடலை) போட்டுக் கலந்துவிடுங்கள். புளிப்பு கலந்ததும் ஊதாவாகிவிடும், பரவாயில்லை, அந்த நிறமும் அழகுதான். இது ஒரு மணி நேரம் மேசையில் நின்றாலும் கெடாது. பூசணிப்பூவை மட்டும் அதில் போடாமல், பஜ்ஜியாகப் போட்டுப் பக்கத்துத் தட்டில் அடுக்குங்கள்.